மாமி படுக்கையில, பத்திரிகையில தொடர் கேக்காங்க, எழுதலாமா?

கடற்காத்து (தூத்துக்குடி) – இரவு 11:20

மரியே வாழ்க. இங்க வாசிச்சுட்டுப் போறதோட சரி, இன்னைக்குத்தான் நானா ஒரு இழை ஆரம்பிக்கேன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

நான் பத்திரிகைகளுக்கு எழுதி சம்பாதிக்கேன். மாசச் சம்பளம் கிடையாது, கட்டுரைக்கு இவ்வளவுன்னு குடுப்பாங்க. ஒரு பெண்கள் மாத இதழ்ல பத்தி எழுதுதேன், வேற ரெண்டு இதழுக்கு அப்பப்ப பேட்டி, அப்புறம் உப்பளத்துல வேலை பாக்குற பொம்பளைங்க, சங்கு எடுக்கப் போற ஆட்கள், கருவாட்டுக் கடைக்காரங்கன்னு நம்ம பக்கத்து ஜனங்களப் பத்தின கட்டுரை. வீட்டுக்காரருக்கு ஹார்பர்ல ஷிப்ட் வேலை, மக பிளஸ் டூ படிக்கா. மாமிக்கு போன வருசம் ஸ்ட்ரோக் வந்துச்சு. மூளையில எடது பக்கம் அடைப்பு, அதனால வலது கையும் காலும் விழுந்துட்டு, பேச்சும் போயிட்டு. ஆனா நாம பேசுறது அவங்களுக்குப் புரியுது, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. விழுங்க முடியாததுனால மூக்கு வழியா டியூப் போட்டு கஞ்சி, சத்துமாவு, மோர் எல்லாம் அது வழியாத்தான்.

நான் எழுதுறதே இந்த டியூப்புக்கு நடுவுலதான். தலைமாட்டை நல்லா தூக்கி வச்சு, சிரிஞ்சை ஒரு கையில உசத்திப் பிடிச்சா கஞ்சி அதுபாட்டுக்கு மெதுவா இறங்கும், பிஸ்டன வச்சு அமுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, அந்த நேரம் அடுத்த பாரா மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். கடைசில தண்ணி விட்டு டியூப்பைக் கழுவி மூடிட்டா, பொறவு ஒரு மணி நேரம் அவங்கள படுக்கப் போடக் கூடாது, சாஞ்ச மாதிரியே இருக்கணும், பக்கத்துல ஆளும் இருக்கணும். அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு ஆபீஸ். போன்ல வாய்ஸ் டைப்பிங்ல தமிழ்ல பேசிக்கிட்டே போவேன், ராத்திரி லேப்டாப்ல திருத்துவேன். மாமியும் கேட்டுக்கிட்டுதான் இருப்பாங்க.

இப்ப விஷயத்துக்கு வாரேன். அந்த மாத இதழ்ல இருந்து ஆசிரியர் அம்மா போன் பண்ணாங்க. "உங்க மாமியாரைப் பாத்துக்கிடுற அனுபவத்தையே தொடரா எழுதுங்க, ஆறு இதழ் வரட்டும், ரெண்டு பேரும் சேர்ந்து இருக்க மாதிரி ஒரு போட்டோவும் குடுங்க"ன்னாங்க. வழக்கமா பத்திக்குக் குடுக்கறத விட ஒண்ணரை மடங்கு தாரோம்னும் சொன்னாங்க. எங்க வீட்டுல டயப்பர், பிசியோதெரபி, சத்துமாவு, மருந்து எல்லாமே என் எழுத்துக் காசுலதான் ஓடுது, அவர் சம்பளம் வீட்டு லோனுக்கும் மக பீஸுக்கும் சரியாப் போயிடுது. அதனால அந்தக் காசு வேணாம்னு ஒரே வார்த்தையில சொல்லிட முடியல.

ஆனா அவங்க நோயை எழுதி நான் காசு வாங்கலாமா? இதுதான் என்னைப் போட்டு அரிக்குது. அவங்களால வேணாம்னு வாய் திறந்து சொல்ல முடியாதுல்ல. எங்க பங்குல, அதான் எங்க ஆலயத்துச் சபையில, சிலருகிட்ட கேட்டேன், ஒருத்தர் "சாட்சியமா எழுதும்மா, ஆனா காசு வாங்காத"ன்னாரு, இன்னொரு அக்கா "உனக்கு எழுதவா நேரம் இருக்கு"ன்னாங்க. உங்கள்ல எழுதுறவங்க, வீட்டுல நோயாளிய வச்சுப் பாக்குறவங்க யாராச்சும் சொல்லுங்க.

திண்டுக்கல் பொண்ணு – இரவு 11:52

அக்கா முதல்ல ஒண்ணு சொல்லிக்கிறேன், "காசு வாங்காத"ன்னு சொன்னாரே, அவர் வீட்டுக்கு வர்ற எலக்ட்ரீஷியன்கிட்ட இப்படிச் சொல்வாரா? எழுத்துன்னா மட்டும் ஏன் எல்லாருக்கும் அது சேவையா தெரியுதுன்னு எனக்குப் புரியவே இல்ல. எங்க பங்குலயும் இதே கதைதான், வெள்ளிவிழா மலருக்கு முழு புத்தகத்தையும் என்னைய வச்சு எழுதி, புரூஃபும் பாத்து வாங்கிட்டாங்க, அச்சகத்துக்குக் காசு, போட்டோகிராபருக்குக் காசு, பந்தல்காரருக்குக் காசு, எனக்கு ஒரு பொன்னாடை. பொன்னாடைய வச்சு கரண்ட் பில் கட்ட முடியாதுல்லக்கா.

லூக்கா 10:7ல ஆண்டவரே சொல்றாரு, வேலையாளுக்குக் கூலி வாங்க உரிமை உண்டுன்னு. நற்செய்தி சொல்லப் போன சீடர்களுக்கே அதுதான். நீங்க எழுதுங்க, காசும் வாங்குங்க.

கோட்டாறு அண்ணன் – காலை 6:05

தங்கச்சி, நான் சொல்றது உங்களுக்குக் கசக்கலாம், ஆனா மனசுல பட்டத சொல்லாம இருக்க முடியல. கூலி வாங்குறது தப்புன்னு நான் சொல்லல. உப்பளத்தப் பத்தி எழுதுங்க, சங்கு எடுக்கிறவங்களப் பத்தி எழுதுங்க, அதுக்குக் கூலி கேளுங்க, அது உங்க உழைப்பு. ஆனா படுக்கையில கிடக்கிற ஒரு அம்மாவோட பாடு அவங்களுக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளது. அத நாம ஒப்புக்கொடுக்கலாம், கூட நிக்கலாம், கடையில வைக்கலாமா?

எங்க அப்பா கடைசி காலத்துல வாயில புண்ணு வந்து முகமே மாறிப் போச்சு. எங்க அன்பியத்துல (பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்து ஜெபிக்கிற பங்குக் குழு) இருந்து ஜெபிக்க வந்த ஒரு பையன், நல்ல எண்ணத்துலதான், "இவருக்காக ஜெபியுங்க"ன்னு போட்டோ எடுத்து வாட்சப் குரூப்புல போட்டுட்டான். ஊரு பூரா அந்த முகம் போச்சு. அப்பா ஆலயத்துல நாப்பது வருசம் பாடகர் குழுவுல இருந்தவரு, எப்பவும் வெள்ளை வேட்டி, தலைவாரி நிப்பாரு, அந்த முகத்த யாரும் இப்ப நினைக்க மாட்டாங்க, கடைசிப் போட்டோதான் நினைவுல நிக்குது. இன்னைக்கும் எனக்கு ஆறல. பத்திரிகைன்னா அது ஒரு குரூப்போட நிக்காது, இப்ப எல்லாம் வெப்சைட்லயும் போடுறாங்க, அங்கேயே காலத்துக்கும் கிடக்கும். உங்க மாமி எந்திரிச்சு நடமாடின காலத்துல இப்படி ஒரு போட்டோவுக்கு சம்மதிச்சிருப்பாங்களா? அத மட்டும் யோசிங்க.

வார்டு சிஸ்டர் (மதுரை) – காலை 9:40

நான் நரம்பியல் வார்டுல இருபது வருசத்துக்கு மேல வேலை பாத்த நர்ஸ். மேல எல்லாரும் மாமிக்குப் பதிலா பேசுறீங்க, மாமிகிட்டயே கேக்கலாமே?

எடது பக்க மூளையில அடைப்பு வந்து பேச்சு போன எல்லாருக்கும் புரிஞ்சுக்கிற சக்தியும் போயிடும்னு இல்ல. சிலருக்குப் போகும், சிலருக்குப் பாதி இருக்கும், சிலருக்கு நல்லாவே இருக்கும். நீங்க புரியுதுன்னு சொல்றீங்க, அப்ப அவங்க எடது கை நல்லா இருக்கு, அத வச்சே கேளுங்க. ஒரு அமுக்கு அமுக்கினா சரி, கைய விலக்கினா வேணாம். முதல்ல பதில் தெரிஞ்ச கேள்வியா கேட்டுப் பாருங்க, "இது உங்க மகனா", "இப்ப ராத்திரியா" இப்படி, பதில் சரியா வருதான்னு பாருங்க. அப்புறம் விஷயத்தச் சின்னச் சின்னதா உடைச்சுக் கேக்கணும், "உங்களப் பத்தி புத்தகத்துல எழுதவா" ஒரு கேள்வி, "உங்க பேரு போடவா" தனிக் கேள்வி, "போட்டோ போடவா" அது தனி. மூணையும் சேத்துக் கேட்டா எதுக்கு அமுக்கினாங்கன்னே தெரியாது.

இன்னொரு முக்கியமான விஷயம், அடுத்த நாள் அதே கேள்வியத் திருப்பிப் போட்டுக் கேளுங்க. "எழுதவா"ன்னு கேட்டதுக்கு அமுக்கினாங்கன்னா, மறுநாள் "எழுத வேணாமா"ன்னு கேளுங்க. அதுக்கும் அமுக்கினாங்கன்னா அவங்க எல்லாத்துக்கும் சரி சொல்றாங்கன்னு அர்த்தம், அது சம்மதத்துல சேராது. காலையில பிசியோ முடிஞ்ச உடனே கேக்காதீங்க, களைச்சிருப்பாங்க. டிவிய அமத்திட்டு, முகத்துக்கு நேரா உக்காந்து, மெதுவா கேட்டுட்டு பொறுமையா இருங்க. பதில் வர நேரமாகும், அதுக்குள்ள நாமளா அடுத்த கேள்விக்குத் தாவிடுறோம், வீட்டு ஆளுங்க எல்லாருமே இதத்தான் செய்றாங்க.

எழுத்த விட்டுட்டு ஒண்ணு கேக்குறேன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பிப் படுக்க வைக்கிறீங்களா? ராத்திரி யாரு பண்றா? ஏர் பெட் இருந்தாலும் திருப்பணும், இடுப்பெலும்புக்கு மேலயும் குதிகால்லயும் தினமும் டார்ச் அடிச்சுப் பாருங்க, செவந்து இருந்து கைய வச்சு எடுத்தாலும் அந்தச் செவப்பு மாறலைன்னா அதுதான் புண்ணோட ஆரம்பம். அப்புறம் மக்களைத் தேடி மருத்துவத்துல பேரு குடுத்தீங்களா? 2021 ஆகஸ்டுல ஆரம்பிச்ச திட்டம், சுகர் பிரஷர் மாத்திரை மட்டும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, படுக்கையில இருக்கவங்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோவும் வலி நிவாரண சிகிச்சையும் அதுல உண்டு. உங்க ஏரியா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்ச் சொல்லி வைங்க. பிசியோ செலவு கொஞ்சம் குறையும்.

மன்னார் மருமகள் – காலை 10:15

அக்கா, நான் இலங்கையில மன்னார். என்ர அம்மாவுக்குக் கிட்னி ரெண்டும் ஏலாது, கிழமைக்கு மூண்டு தரம் டயலிசிஸ். நானும் பத்திரிகைகளுக்கு எழுதித்தான் காசு பாக்கிறன், ஆஸ்பத்திரி வாங்கில இருந்துதான் கனக்க எழுதினது. அம்மாவால கதைக்க ஏலும் எண்டபடியா எனக்கு உங்கட அளவுக்குக் கஷ்டம் இல்ல. நான் கேட்டன், "அம்மா, உங்களப் பற்றி எழுதட்டோ"ண்டு. அவ உடன சொன்னா, "எழுது, ஆனா என்ர கால் வீங்கினத எழுதாத, தண்ணி அளந்து குடிக்கிறத எழுது"ண்டு.

அவவுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணியெண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார், தேத்தண்ணி, கறியில இருக்கிற குழம்பு எல்லாம் அந்தக் கணக்குக்குள்ளதான். காலம ஒரு போத்தில்ல அளந்து ஊத்தி வச்சு, நாள் முழுக்க அதில இருந்துதான் குடிப்பா. மடு மாதாவுக்கு நடந்து போன மனுசி, அந்த வெயிலுக்க பிள்ளையளுக்குத் தன்ர தண்ணியக் குடுத்தவ. அதத்தான் அவ எழுதச் சொன்னது. எனக்கு அதுக்குப் பிறகு விளங்கினது என்னெண்டா, வருத்தக்காரருக்கும் தங்களப் பற்றி எது வெளிய போகலாம், எது போகக் கூடாதெண்டு நல்ல தெளிவான எண்ணம் இருக்கு. கோட்டாறு அண்ணா சொல்றது போட்டோவுக்குச் சரி. ஆனா ஒண்டுமே எழுதாம விட்டா, அப்பிடிக் கிடக்கிற ஆக்கள் உலகத்தில இல்ல எண்ட மாதிரி எல்லோ ஆகிடும்.

பாளை டீச்சர் – பகல் 12:30

இங்கிலீஷ் டிபார்ட்மெண்ட்ல ரொம்ப வருசம் இருந்து ரிட்டயர் ஆனவ நான். கடற்காத்து, "உனக்கு எழுதவா நேரம் இருக்கு"ன்னு கேட்டாங்கன்னு எழுதியிருந்தீங்க, அதப் படிச்சதுல இருந்து எனக்கு ஆலிஸ் மெய்னெல்ங்கிற இங்கிலீஷ் எழுத்தாளர் ஞாபகமாவே இருக்கு. 1847ல பிறந்து 1922ல இறந்தவங்க, லண்டன்காரங்க, சின்ன வயசுலேயே கத்தோலிக்கத்துக்கு மாறினவங்க. அவங்க வீட்டுக்காரர் வில்பிரிட் மெய்னெலும் பத்திரிகைக்காரர்தான். கர்தினால் மானிங் குடுத்த ஒரு கத்தோலிக்க வாரப் பத்திரிகைய 1881ல இருந்து ரெண்டு பேரும் சேர்ந்து நடத்தினாங்க, அது போதாதுன்னு 1883ல ஒரு மாத இதழும் ஆரம்பிச்சாங்க. எட்டுப் பிள்ளைங்க, அதுல ஒண்ணு கைக்குழந்தையாவே இறந்துட்டு. வீட்டுச் செலவுக்கே எழுதித்தான் ஆகணும். 1890கள்ல லண்டன் தினசரி ஒண்ணுல வாரா வாரம் பத்தி, அது போக பல பத்திரிகைகளுக்குக் கட்டுரை, விமர்சனம், மொழிபெயர்ப்புன்னு வந்ததெல்லாம் செஞ்சாங்க. அவங்களுக்கே தீராத ஒத்தத் தலைவலி உண்டு. எழுதுற மேசைக்கு அடியிலயே பிள்ளைங்க உக்காந்து தங்களுக்குன்னு ஒரு பத்திரிகை தயார் பண்ணிக்கிட்டு இருக்குமாம்.

இதுல உங்களுக்குப் பக்கத்துல வர்ற விஷயம் பிரான்சிஸ் தாம்சன். அபினுக்கு அடிமையாகி லண்டன் தெருவுல படுத்துக்கிடந்த கவிஞர். அவங்க மாத இதழுக்குத்தான் கவிதை அனுப்பினார், 1888ல அத வெளியிட்டாங்க, அதோட விடாம ஆளையே தேடிப் பிடிச்சு வைத்தியம் பாத்து, ஒரு துறவற மடத்துல தங்க வச்சு, அவர் 1907ல சாகுற வரைக்கும் அந்தக் குடும்பம்தான் தாங்குச்சு. கிட்டத்தட்ட இருபது வருசம், பிள்ளைங்க, தலைவலி, அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய கெடு, கூட ஒரு நோயாளி. அந்தக் காலகட்டத்துலதான் அவங்களோட நல்ல கட்டுரைகள் எல்லாம் வந்துச்சு, பெரும்பாலும் சின்னக் கட்டுரைங்க, ஆனா ஒரு சொல்லை எடுக்க முடியாது. அவ்வளவு இறுக்கமா எழுதினதுக்கு நேரமில்லாததும் ஒரு காரணம்னு நான் நம்புறேன்.

அவங்களுக்கு வேலைக்காரங்க இருந்தாங்க, அதையும் சொல்லிடணும். நம்ம வீட்டோட ஒப்பிடும்போது இத மறைச்சா நியாயமில்ல. அதே மாதிரி நார்வேல நாவலாசிரியர் சிக்ரிட் உண்ட்செட், 1924ல கத்தோலிக்கத் திருச்சபையில சேர்ந்தவங்க, 1928ல இலக்கியத்துக்கு நோபல் வாங்கினவங்க. அவங்க மகளுக்கு சின்னதுல இருந்தே மூளை வளர்ச்சியில குறை. பிள்ளைங்க தூங்கினப்புறம் ராத்திரிலதான் எழுதினாங்க. அவங்களும் வீட்டுக்கு உதவிக்கு ஆள் வச்சிருந்தாங்க. நோபல் பணம் வந்ததும் அத முழுசாக் குடுத்துட்டாங்க, அதுல ஒரு பங்கு, மனவளர்ச்சி குறைஞ்ச பிள்ளைங்கள வீட்டோட வச்சுப் பாக்குற குடும்பங்களுக்கு உதவுறதுக்கு. அப்படிப் பிள்ளைய வீட்டுல வச்சுக்கிறதுக்கு எவ்வளவு செலவாகும்னு அவங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லையே.

அதனால எழுத்துக்காசு வருதுன்னா அதுல முதல் செலவா வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் உதவிக்கு ஒரு ஆளைப் போடுங்க. டயப்பருக்கும் மாவுக்கும் மட்டும் கணக்குப் போட்டுட்டு உங்க முதுகை மறந்துடாதீங்க.

பழைய சப் எடிட்டர் – மாலை 4:10

வணக்கம் அம்மா. ஒரு வார இதழ்ல ரொம்ப காலம் டெஸ்க்ல இருந்தேன், அதனால மறுபக்கத்துல இருந்து சொல்றேன்.

ஆசிரியர்கிட்ட வீட்டு நிலைமைய மறைக்காதீங்க. நிறைய பேரு, முக்கியமா பொம்பளைங்க, சொன்னா வேலை போயிடுமோன்னு பயந்து சொல்ல மாட்டாங்க, கடைசி நாள்ல மேட்டர் வராது, நாங்க அந்த ரெண்டு பக்கத்த எத வச்சு ரொப்புறதுன்னு ராத்திரி பூரா அல்லாடுவோம், அதுக்கப்புறம்தான் அவங்க பேரு அடிபடும். முன்னாடியே சொன்னவங்களுக்கு நாங்க எப்பவும் வழி பண்ணியிருக்கோம். இதழ் முடிக்கிற தேதி என்ன, உண்மையான கடைசி நாள் என்ன, ரெண்டையும் கேட்டு வாங்கிக்கோங்க, சொல்ற தேதிக்கும் நிஜமான தேதிக்கும் நடுவுல எப்பவும் கொஞ்சம் இடம் இருக்கும். தொடர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு அத்தியாயத்த எழுதி கையில வச்சுக்கோங்க. மாமிக்குத் திடீர்னு காய்ச்சல் வந்து அட்மிட் பண்ண வேண்டி வந்தா அந்த ரெண்டும் உங்களக் காப்பாத்தும். முதல் அத்தியாயத்த மட்டும் குடுத்துட்டு ஓடிக்கிட்டே எழுதுற தொடர் நல்ல ஆரோக்கியமா இருக்கவங்களையே கவுத்திருக்கு.

அடுத்தது உரிமை. இத யாரும் கேக்குறதே இல்ல. நீங்க அங்க சம்பளத்துக்கு இருக்கவங்க இல்ல, வெளியில இருந்து எழுதிக் குடுக்கிறவங்க. அப்ப நீங்களா எழுத்துல கையெழுத்துப் போட்டு மாத்திக் குடுக்காத வரைக்கும் காப்பிரைட் உங்களுதுதான், 1957 சட்டம் அப்படித்தான் சொல்லுது. மாத்திக் குடுக்கிறதா இருந்தாலும் எத்தன வருசம்னு எழுதலைன்னா அஞ்சு வருசம்னு எடுத்துக்கணும், எந்த நாட்டுக்குன்னு எழுதலைன்னா இந்தியாவுக்கு மட்டும். அதனால ஒப்பந்தம்னு ஒரு பேப்பரோ மெயிலோ வந்தா "எல்லா உரிமையும்"னு இருக்கான்னு பாருங்க, இருந்தா "இதழில் முதல் முறை வெளியிடும் உரிமை மட்டும்"னு மாத்தச் சொல்லுங்க. வெப்சைட், யூடியூப் வாசிப்பு எல்லாம் தனியாப் பேசணும். உங்க விஷயத்துல இது வெறும் காசு சமாச்சாரம் இல்ல. நாளைக்கு மாமி வீட்டு ஆளுங்க யாராச்சும் "எடுத்துடு"ன்னு சொன்னா, எடுக்கச் சொல்ற அதிகாரம் உங்க கையில இருக்கணும்.

டிடிஎஸ், அதாவது காசு குடுக்கும்போதே வருமான வரி, புடிச்சாங்கன்னா பத்து சதவீதம் புடிப்பாங்க, பான் நம்பர் குடுக்கலைன்னா இருபது ஆயிடும். ஒரு இதழ்ல இருந்து வருசத்துக்கு 50,000 தாண்டினாத்தான் இப்ப புடிக்கணும், 2025 ஏப்ரலுக்கு முன்னாடி அது 30,000. புடிச்சது உங்க கணக்குல வந்திருக்கான்னு வருமான வரி சைட்ல பாத்துட்டு, ரிட்டர்ன் போட்டா உங்க வருமானத்துக்கு பெரும்பாலும் திரும்ப வந்துடும். இப்படி எத்தனையோ பேரு எழுத்தாளங்க இந்தக் காச விட்டுடுறாங்க.

கோட்டாறு அண்ணன் – மாலை 6:30

டீச்சர் சொன்னதும் மன்னார் தங்கச்சி சொன்னதும் படிச்சேன். தண்ணி அளந்து குடிக்கிற விஷயம் மனசுல தச்சிட்டு. என் பேச்சுல ஒண்ண மட்டும் நான் விட மாட்டேன், போட்டோ கூடாது. எழுத்து வேற. எழுத்துல எத சொல்லணும் எத மறைக்கணும்னு ஒருத்தர் உக்காந்து யோசிக்காங்க, கேமரா யோசிக்காது.

பைபிள்ல சீராக் 3ல வருது, அப்பாவுக்கு வயசாகி அறிவு குறைஞ்சு போனாலும் பொறுமையா இரு, அவர இகழாதன்னு. நான் அத எப்பவும் வாய்ப்பேச்சுக்குன்னு மட்டும்தான் நினைச்சிருந்தேன். எழுதுறதுக்கும் அதுவே அளவா இருக்கட்டும்.

திண்டுக்கல் பொண்ணு – மாலை 6:48

அண்ணா நீங்க அப்பா போட்டோ பத்தி எழுதினத படிச்சு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. அவர் பாடகர் குழுவுல வெள்ளை வேட்டியில நின்ன பழைய போட்டோ ஏதாவது இருந்தா அதே குரூப்புல அவர் நினைவு நாள்ல போடுங்கண்ணா. எல்லாரும் அத பாக்கட்டும்.

கோட்டாறு அண்ணன் – மாலை 7:02

இருக்கு தங்கச்சி. நவம்பர்ல வருது நினைவு நாள். போடுதேன்.

கடற்காத்து (தூத்துக்குடி) – மூணு நாள் கழிச்சு, இரவு 10:45

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒருத்தருக்கும் தனியா பதில் போட முடியல, மாமிக்கு டியூப் மாத்துற நாள் வந்துட்டு, அதோட ஒரு கட்டுரையும் முடிக்க வேண்டியிருந்துச்சு.

சிஸ்டர் சொன்ன மாதிரியே கேட்டேன். சாயங்காலம் ஜெபமாலை முடிஞ்ச நேரம்தான் அவங்க நல்லா தெளிவா இருப்பாங்க, அப்பக் கேட்டேன். வீட்டுக்காரரும் மகளும் பக்கத்துல இருந்தாங்க, நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கிட்டேன்னு பேச்சு வரக் கூடாதுல்ல. முதல்ல "மாமி, இது உங்க பேத்தியா"ன்னு கேட்டா உடனே அமுக்கினாங்க, "இது உங்க தங்கச்சியா"ன்னா கைய எடுத்துட்டாங்க. "உங்களப் பத்தி நான் எழுதவா"ன்னு கேட்டப்போ ரொம்ப நேரம் ஒண்ணுமே பண்ணல. நானும் சிஸ்டர் சொன்னத நினைச்சுக்கிட்டு பேசாம இருந்தேன். அப்புறம் அமுக்கினாங்க, நல்லா பலமா. பேரு போடவான்னதுக்கும் சரிதான். போட்டோன்னு சொல்லி முடிக்கக் கூட விடல, கைய விலக்கி சேலைத் தலைப்ப இழுத்துத் தலைமேல போட்டுக்கிட்டாங்க, ஒரு கையாலதான், அவ்வளவு சுறுசுறுப்பா அந்தக் கை அசைஞ்சு நான் பாத்ததே இல்ல. மறுநாள் "எழுத வேணாமா"ன்னு திருப்பிக் கேட்டேன், கைய எடுத்துட்டாங்க. "போட்டோ வேணாம்தானே"ன்னா அமுக்குறாங்க. அண்ணே, உங்க கேள்விக்கு மாமியே பதில் சொல்லிட்டாங்க.

கிழமை பூரா நான் அவங்க பக்கத்துல உக்காந்து வாய் விட்டுச் சொல்லித்தானே டைப் பண்ணுதேன், அத்தனையும் கேட்டவங்கதானே. அப்பவே அவங்க அபிப்பிராயம்னு ஒண்ணு உள்ள ஓடியிருக்கும். இனிமே ஒவ்வொரு அத்தியாயத்தையும் அனுப்புறதுக்கு முன்ன முழுசா வாசிச்சுக் காட்டப் போறேன். டயப்பர், படுக்கைப்புண்ணு இதெல்லாம் அவங்க உடம்பு வச்சு எழுதப் போறதில்ல, பாக்குறவங்க தெரிஞ்சுக்க வேண்டிய விஷயமா பொதுவாத்தான் எழுதுவேன். மாமியப் பத்தி எழுதுறது அவங்க யாருங்குறத. கல்யாணமாகி வந்த புதுசுல எனக்கு மீன் ஆயத் தெரியாது, எங்க ஊரு உள்நாடு, அவங்கதான் சீலா மீன எப்படி வெட்டணும், மஞ்சப்பாரைய எப்படிப் பாத்து வாங்கணும்னு செவுளத் தூக்கிக் காட்டிக் காட்டிச் சொல்லித் தந்தாங்க. நான் முதல்ல எழுதி அச்சுல வந்த சமையல் குறிப்பே அவங்களோடதுதான், அதுக்கு வந்த மணியார்டர அவங்க கையிலதான் குடுத்தேன். இத எல்லாம் எழுதணும்.

ஆசிரியர் அம்மாகிட்டயும் பேசிட்டேன். போட்டோ கிடையாதுன்னதும் ஒரு நிமிசம் யோசிச்சாங்க, அப்புறம் ஓவியரை வச்சு கோட்டுச் சித்திரம் போட்டுக்கிடலாம்னாங்க, முகம் வேணாம், கை, டியூப் தொங்குற ஸ்டாண்டு, மீன் வெட்டுற அருவாமனை இப்படி. முதல் வெளியீட்டு உரிமை மட்டும்னு கேட்டதுக்கு "யாரு சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு"ன்னு சிரிச்சுட்டு சரின்னுட்டாங்க, மெயில்ல எழுதி அனுப்பச் சொல்லியிருக்கேன். ரெண்டு அத்தியாயம் கையில இருந்தாத்தான் ஆரம்பிப்பேன்னும் சொல்லிட்டேன், அதனால ஒரு இதழ் தள்ளிப் போகுது.

பங்குல ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்கு மலர் போடுறாங்க, அதுக்கு ஒரு கட்டுரை மாதாவுக்குக் காணிக்கையா நானே குடுக்கேன்னு ஃபாதர்ட்ட சொன்னேன், முழு மலருக்கும் புரூஃப் பாக்குற வேலைக்கு மட்டும் கூலி பேசி வேற ஆளு வைங்க, இல்ல எனக்குக் குடுங்கன்னும் சொன்னேன். அவரு நல்லாவே புரிஞ்சுக்கிட்டாரு. கூட இருந்த ஒருத்தருக்குத்தான் முகம் சுண்டிப் போச்சு.

டீச்சர், ஆளு போடுறதப் பத்தியும் வீட்டுல பேசினோம். செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் காலையில நாலு மணி நேரம் ஒரு அக்கா வாறேன்னுருக்காங்க. முன்ன ஆஸ்பத்திரில ஆயாவா இருந்தவங்க, திருப்பிப் படுக்க வைக்கத் தெரியும்.

வார்டு சிஸ்டர் (மதுரை) – இரவு 11:10

சேலைத் தலைப்ப இழுத்துப் போட்டாங்கன்னு படிச்சதும் எனக்கு அவ்வளவு சந்தோசம். தானா, ஒரு காரணத்துக்காக அந்தக் கை அசைஞ்சிருக்கு, இத பிசியோதெரபிஸ்ட்கிட்ட கட்டாயம் சொல்லுங்க. பேச்சுப் பயிற்சி குடுக்குறவங்க யாராச்சும் பாத்தாங்களா இதுவரைக்கும்? பாக்கலைன்னா கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ்ல கேளுங்க. விழுங்குற பயிற்சியும் அவங்கதான் பாப்பாங்க, டியூப் எடுக்க முடியுமான்னு அவங்க பாத்துத்தான் சொல்லணும், நாமளா வாயில குடுத்துப் பாக்கக் கூடாது. வர்ற அக்காவுக்கு டியூப் ஃபீடிங்க முதல் ரெண்டு வாரம் நீங்க பக்கத்துல நின்னு காட்டிக் குடுங்க, தெரியும்னு சொன்னாலும்.

பழைய சப் எடிட்டர் – காலை 8:20

ரொம்ப நல்லது அம்மா. மெயில் வந்ததும் அப்படியே வச்சுக்கோங்க, டெலிட் பண்ணிடாதீங்க. காசு எப்பத் தருவாங்கன்னும் அதுலயே கேட்டு வாங்கிடுங்க, இதழ் வெளிவந்து எத்தன நாளுக்குள்ளன்னு. வாய்ஸ் டைப்பிங்ல எழுதுறீங்கல்ல, ஒற்றுப்பிழை நிறைய வரும், ழகர ளகரமும் மாறும், அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ பேப்பர்ல பிரிண்ட் எடுத்துப் பாருங்க, ஸ்கிரீன்ல கண்ணு ஏமாத்தும்.

மன்னார் மருமகள் – காலை 9:05

அக்கா, முதல் அத்தியாயம் வந்தோடன இங்க சொல்லுங்கோ. எங்களுக்கு அந்தப் புத்தகம் இங்க கடையில வராது, வெப்சைட்டில போட விட்டிங்களெண்டா நான் அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டுவன்.

கடற்காத்து (தூத்துக்குடி) – காலை 9:30

வெப்சைட்டுக்குத் தனியாப் பேசணும்னு சார் சொல்லியிருக்காங்கல்ல, இன்னைக்குக் கேட்டுட்டுச் சொல்லுதேன்மா. அம்மாவுக்கு எங்க மாமியோட பேர்ல ஒரு ஜெபம் சொல்லிடுதோம். எட்டு மணி ஃபீடிங் முடிஞ்சிருக்கு, ஒம்பதரைக்கு மேல எழுத உக்காரணும், சாயங்காலமா வாரேன்.